மதகுக்கு அந்தாண்ட

எங்கள் தெருவில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா? "எதிர்க்கட்சி இல்லாத ஊரு உருப்புடுமாடி?" என்று என்னிடமே ஒருநாள் கேட்டாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் போளூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, வேங்கிக்கால் தாண்டி இருக்கும் அந்தக் காலனிக்கு வந்த அன்று, சுவருக்கு மேலே தலையை நீட்டி அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "இந்தப் பொடவ ஒனக்கு நல்லா இல்ல" என்பது. அது என் மாமியார் எடுத்துக் கொடுத்த புடவை. மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இப்போது நாங்கள் அங்கே இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை மாறியதும் வந்துவிட்டோம். இங்கே அபார்ட்மென்ட்டில் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. எல்லோரும் அதை அமைதி என்கிறார்கள். எழவு வீட்டில்கூட இதைவிடக் கொஞ்சம் பேச்சுச் சத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். அப்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்வேன்.

கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் தள்ளுவண்டியில் அவள் அவித்த மல்லாட்டை விற்றாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேருக்கு அவள் மல்லாட்டைதான் மத்தியானச் சாப்பாடு. மனு கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர்களை அவள் லேசில் விட மாட்டாள்.

"இன்னா சொன்னாங்க?"

"பாக்கறோம்னாங்க."

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"சரிங்கன்னு வந்துட்டேன்."

"எதுக்குச் சரின்ன? திரும்பப் போ. எப்ப பாப்பீங்கன்னு கேட்டுட்டு வா. மல்லாட்ட இங்கதான் இருக்கும், எங்கயும் போவாது."

பாதிப்பேர் அவளுக்குப் பயந்துகொண்டே திரும்ப உள்ளே போனார்கள். மீதிப்பேர் அடுத்த வாரத்திலிருந்து வேறு பக்கத்துக் கேட் வழியாக வெளியே போனார்கள்.

எங்கள் பக்கத்து நிச்சயதார்த்தத்தில் பத்திரிகை வாசித்து முடித்ததும், வாசித்தவர் "சபையோருக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பார். ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்பதுதான். எல்லோரும் "சம்மதம், சம்மதம்" என்று சொல்லிவிட்டு இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்ப்போம். எங்கள் காலனி நடுத்தெருவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் நடந்தபோது அக்கா எழுந்து நின்று, "எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

பந்தலே திகைத்துப் போனது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கோபமாக, "யாரும்மா நீ? பொண்ணுக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டார்.

"ஒறவு இருந்தாதான் பேசணும்னா சபைய எதுக்குக் கேக்கறீங்க? ஒங்களுக்குள்ளயே கேட்டுக்க வேண்டியதுதான? பொண்ணு இப்பதான் காலேஜ்ல சேந்திருக்கா. படிச்சு முடிக்கட்டும்."

பெரிய ரகளை. கடைசியில் நிச்சயம் நடந்தது, கல்யாணத்தை மட்டும் படிப்பு முடியும்வரை தள்ளி வைத்தார்கள். ஊரே அக்காவைக் கொண்டாடியிருக்கும், ஒரு சிக்கல் இல்லாவிட்டால். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. "என் கல்யாணத்தத் தள்ளி வெக்க இவ யாரு?" என்று அக்கா வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போனாள், அன்றோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். அக்கா கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "எதுத்துப் பேசறா பாரு. நல்லா வருவா" என்றாள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு, ஒரு டிரைவர் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தார். நான் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு லேட்டாகப் போனால் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது. ஒருநாள் காலையில் அக்கா தள்ளுவண்டியை அப்படியே ரோட்டுக்கு நடுவில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. நாங்கள் எல்லோரும் ஏறினோம். அக்கா ஏறவில்லை.

"நீ வரலயாம்மா?" என்றார் கண்டக்டர்.

"நான் எங்கயும் போவல. நிக்கணும்னு நிறுத்தினேன். நின்னுச்சில்ல? கெளம்பு" என்று வண்டியை ஓரம் கட்டினாள்.

அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். பரம சாது. "எங்கூட்ல தெனமும் சட்டசபதாம்மா. நான் சபாநாயகரு. பேச எனக்கு நேரமே கெடைக்காது" என்பார்.

தூரத்திலிருந்து கேட்டால் இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். பக்கத்து வீட்டில் குடியிருந்து பார்க்க வேண்டும். எனக்கும் மாமியாருக்கும் ஒருநாள் வாய்த்தகராறு முற்றி, நான் சுவரோரம் நின்று அழுதேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்காக நியாயம் கேட்க வந்தாள். எனக்கு யானைபலம் வந்தது. வந்தவள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டாள். கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "இதுல அவங்க சொல்றதுதான் ஞாயம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். என் மாமியாரே ஒரு நிமிஷம் ஆடிப்போனார். சில நாள் நான் அவளோடு பேசவில்லை. யார் பக்கம் என்று தெரியாத ஆளை எப்படி நம்புவது என்று எனக்குள் ஒரு பயம் அப்போதே உட்கார்ந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த ஊர்கள் டவுனோடு சேர்ந்தன, எங்கள் ஊராட்சியும் சேர்ந்தது. ஊராட்சியாக இருந்தபோது காலனியின் மூன்று தெருவுக்கும் சேர்த்து ஒரே வார்டு. மெம்பர் எங்கள் ஆள். தெரு விளக்கு எரியாவிட்டால் அவர் பல் விளக்கும்போதே பிடித்துக் கேட்கலாம். இப்போது வார்டுகளைப் புதிதாகப் பிரித்து ஒரு வரைவு போட்டார்கள். அதில் எங்கள் காலனி மூன்று துண்டாகக் கிடந்தது. முதல் தெரு புது நகர் பிளாட்டுகளோடு, நடுத்தெரு கடைவீதியோடு, ஏரிக்கரைத் தெரு பக்கத்து ஊரோடு. மூன்று வார்டிலும் நாங்கள் வால்தான்.

மூன்று தெருவும் ஒன்றாக இருந்தால் எங்களில் ஒருத்தர் நின்று ஜெயிக்கலாம். எங்களுக்கென்று தனி வார்டாக ஒதுக்கவும் வழி உண்டு. மூன்றாக உடைந்தால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மெயின் ரோட்டில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்து போட்ட கோடா தெரியாமல் போட்ட கோடா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஊராட்சிக்கு முன்பு தலைவராக இருந்த ஒருத்தர், தன் மகனைக் கவுன்சிலராக்க அலைந்துகொண்டிருந்தவர், அந்தக் கோட்டைப் பார்த்ததும் வெடி வெடிக்காத குறையாகச் சந்தோஷப்பட்டார். அது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா அந்த அறிவிப்பை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம்' என்று வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "திரும்பப் படி" என்றாள். படித்தேன்.

"கவர்மெண்ட்டே கேக்குதா? ஆட்சேபனை இருக்குதான்னு?"

"ஆமாங்கா. கூட்டம் வேற போடறாங்க. நேர்ல வந்து சொல்லலாமாம்."

அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை அவள் பேரன் பிறந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் காலனி கூடியது. அவ்வளவு கூட்டத்தை நான் ஆடித் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிற, பி.காம். படித்த தம்பி ஒருவன் மனு எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஆடியில் கரகம் எடுப்பவனும் அவன்தான், அவன் அப்பாவுக்குப் பிறகு அந்த முறை அவனுக்கு வந்தது. எழுந்து நின்று படித்தான். மனு நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு இடம் வந்தபோது பையன்கள் விசில் அடித்தார்கள்: "எங்கள் அம்மன் கரகம் எந்தெந்த வழியாகச் சுற்றி வருகிறதோ, அதுதான் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர். அந்த எல்லைக்குள் இருப்பவர்களை யாரும் பிரிக்கக் கூடாது." எனக்கும் உடம்பு சிலிர்த்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. "கரகம் மதகுல திரும்பிடும். மதகுக்கு அந்தாண்ட இருக்கறவங்க?"

ஏரிக்கரைத் தெரு முடியும் இடத்தில் மதகு, ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து விடும் இடம். அதைத் தாண்டினால் கரைமேல் இருளர் குடிசைகள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற ஜனங்கள். எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகை மதகைத் தாண்டிப் போகாது. கரகமும் போகாது. ஏன் என்று கேட்டால், எப்பவும் அப்படித்தான் என்பார்கள்.

"அவங்க வேறக்கா" என்றான் தம்பி.

"வேறன்னா? எந்த ஊரு?"

"ஊருன்னு இல்ல... அது ஏரிக்கர."

"ஏரிக்கரைல கொக்கு இருக்கும். நான் மனுசங்களக் கேட்டேன்."

யாரோ சிரித்தார்கள். எங்கள் நாட்டாமை கையை உயர்த்தினார். காலனியில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனிதர், நிதானமானவர். "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு? நம்ம பொழப்பே கிழிஞ்சு கெடக்குது. மொதல்ல நாம கரையேறுவோம். அப்பறமா அவங்களப் பாக்கறோம்."

"பாக்கறோம்! திங்கக்கெழமக்கித் திங்கக்கெழம நான் கேக்கற வார்த்த" என்றாள் அக்கா. "நம்மள மூணா வெட்டுனாங்கன்னு கொதிக்கறோம். நாம இங்க குந்திகினு ஒரு வெட்டு வெட்டறோமே, அது இன்னா?"

"ஒத்துமையா நிக்க வேண்டிய நேரத்துல இப்பிடிப் பேசலாமா?"

"யாரோட ஒத்தும?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமலே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து அவளைப் பற்றி ஊரில் பேசாத பேச்சு இல்லை. பழைய தலைவரிடம் விலைபோய்விட்டாள் என்றார்கள். குழாயடிக்கு அவள் வந்தால் பேச்சு அப்படியே நின்றது. அவள் வீட்டுக்காரரின் ஆட்டோவில் ஏறாமல் பெண்கள் நடந்து போனார்கள். எனக்கும் கோபம்தான். மூன்று தெருவையும் காப்பாற்ற ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, அதைப் போய் இவள் கெடுக்கிறாளே என்று ஆத்திரம். சுவரோரம் போய்க் கேட்டேன். "அக்கா, இந்த ஒரு தடவ விட்டுக்குடுக்கக் கூடாதா?"

மல்லாட்டையை அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதடி விட்டுக்குடுக்கறது? என் வீடா, என் வண்டியா? அது அவங்களுது. அவங்களுத நான் எப்பிடி விட்டுக்குடுப்பேன்?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பழைய தலைவர் அவள் வண்டியருகில் நின்றிருந்தார். கையில் மல்லாட்டைப் பொட்டலம். ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டபடி, ஏதோ தங்கை வீட்டுக்கு வந்தவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். "கூட்டத்துல நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா. காலனியில ஒத்தும இல்லன்னு. இங்கயே நெழலா ஒரு கட போட்டுத் தர்றது என் பொறுப்பு."

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்போ ஊர் பேசுவது நிஜமா?

"ஒத்தும இல்லன்னு சொல்லுவேன்" என்றாள் அக்கா.

அவர் முகம் மலர்ந்தது.

"அது எங்க சண்ட. எங்க ஆளுங்க தப்பு பண்ணா நான் அவங்க மொகத்துக்கு நேரா கேப்பேன். அதுக்காக ஒன் பக்கம் வந்து நிப்பேன்னு எவன் சொன்னான்?" அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, மீதி மல்லாட்டையைத் திரும்ப வண்டியில் கொட்டினாள். அவர் வாயில் இருந்ததை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை மென்றபடியே காரில் ஏறிப் போனார்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனோம். பெரிய ஹால், சுவரில் வார்டுகளின் படம், மேடையில் ஒரு அதிகாரி. பழைய தலைவரின் ஆட்கள் முன்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் முதலில் எழுந்து, வரைவு ரொம்பச் சிறப்பாக இருக்கிறது, காலனி மக்களுக்கும் அதில் பூரண திருப்தி என்றார். நாங்கள் கத்தினோம். அமைதி, அமைதி என்றார்கள். தம்பி எழுந்து மனுவைப் படித்தான். நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிட்டு மேடையில் கொடுத்தான்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ விசாரித்தார். "உங்க மூணு தெருவும் சேந்தாலும் ஒரு வார்டுக்கு வேண்டிய ஜனத்தொகை வரலீங்களே. கொஞ்சம் கம்மியா இருக்கு. நான் என்ன செய்யறது, சொல்லுங்க?"

முன்வரிசையில் சிரித்தார்கள். தம்பி மனுவைப் பார்த்தான், நாட்டாமையைப் பார்த்தான். அவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை பேர் கூலியை விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஆட்சேபனை இருக்குது" என்று கதவுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

அக்காதான். அவளுக்குப் பின்னால் இருளர் ஜனங்கள், பிள்ளைகளும் கிழவர்களுமாக. அவள் வீட்டுக்காரர் காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஆட்டோவை ஓட்டி அவர்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"யார் மேலம்மா ஆட்சேபனை?" என்றார் அதிகாரி.

"ரெண்டு பேர் மேலயும். கோடு போட்டவங்க மேலயும், மனு எழுதுன எங்க ஆளுங்க மேலயும்."

அவள் நேராகப் படத்துக்குப் போனாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. "இதுல ஏரி எங்க இருக்குது?" என்று அவரிடமே கேட்டாள். அவர் எழுந்து வந்து காட்டினார். அக்கா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "இங்க இவங்க இருக்காங்க. இவங்களயும் சேத்து எண்ணுங்க. அப்பறம் கம்மியா ஜாஸ்தியான்னு சொல்லுங்க."

பழைய தலைவர் எழுந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஐயா, காலனிக்காரங்களே இவங்கள சேத்துக்கலைங்க. அவங்க குடுத்த மனுவப் பாருங்க. எல்லையே மதகோட முடியுது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட எல்லையை வைத்தே எங்களை அடித்தார்.

அதிகாரி இருளர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. இவங்களோட ஒரே வார்டுல சேர சம்மதமா?" என்று கேட்டார்.

முன்னால் நின்ற ஒரு பெண், சூளையில் வேலை செய்கிறவள், என் வயதுதான் இருக்கும், அதிகாரிக்குப் பதில் சொல்லவில்லை. எங்கள் நாட்டாமையைப் பார்த்துக் கேட்டாள். "எண்ணறதுக்கு ஒண்டிதான் நாங்க வேணுமா? ஆடிக்கு ஒங்க கரகம் மதகுலயே திரும்பிடுதே. அது இனிமே வருமா வராதா? அத மொதல்ல சொல்லுங்க."

நாட்டாமை துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். இப்படி ஒரு இடத்தில், இத்தனை பேர் முன்னால், ஒரு பெண் தன்னைக் கேட்பாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மெல்ல, "வரும்" என்றார்.

"எனக்குக் கேக்கல" என்றாள் அக்கா.

"வரும்மா! வரும்!"

கரகத்துக்கும் வார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரிக்குப் புரிந்திருக்காது. ஆனால் எழுதிக்கொள்ளச் சொன்னார். தம்பி மேடைக்கு ஓடி, மனுவை வாங்கி, மதகுக்கு அந்தாண்ட இருக்கும் குடிசைகளும் எங்கள் ஊர்தான் என்று நின்றபடியே பேனாவால் ஒரு வரி சேர்த்தான். அதற்கு அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

இறுதி அறிவிப்பு வந்தபோது காலனியில் வெடி வெடித்தார்கள். மூன்று தெருவும் கரைமேல் குடிசைகளும் ஒரே வார்டு. ஆனால் மெயின் ரோட்டைப் பார்த்தபடி இருந்த வீடுகள் ஒரு வரிசை மட்டும், எண்ணிக்கைக்காகவோ என்னவோ, புது நகர் பக்கம் போய்விட்டன. அந்த வரிசையில் எங்கள் வீடு இருந்தது. அக்கா வீடும் இருந்தது. யார் நின்று போராடி அந்த வார்டை வாங்கித் தந்தாளோ அவளுக்கு அதில் ஓட்டு இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. நாட்டாமைகூட அவள் வீட்டுக்கு வந்து ஒரு மாதிரியாக நின்றார்.

"எதுக்கு எழவுக்கு வந்தமாதிரி நிக்கறீங்க?" என்றாள் அவள். "அந்தப் பக்கம் கேள்வி கேக்க ஆளே இல்லாம இருந்துச்சு. இப்ப நான் போறேன். பயப்பட வேண்டியது அவங்க."

அந்த வருஷம் ஆடித் திருவிழா. சாயங்காலம் கோயிலில் கரகம் ஜோடித்துத் தம்பி தலையில் ஏற்றினார்கள். ஏற்றியபிறகு திரும்பக் கோயிலுக்கு வரும்வரை அதைத் தரையில் இறக்கக் கூடாது. பம்பை முழங்க மூன்று தெருவும் சுற்றி வந்தோம். ஏரிக்கரைத் தெரு முடிந்து மதகு வந்ததும், நாட்டாமை வழக்கம்போலக் கையைக் காட்டினார். கூட்டமும் வழக்கம்போலத் திரும்பத் தொடங்கியது.

திரும்பும் வழியை மறித்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்தபடி அக்கா நின்றாள். பம்பை நின்றது.

"நேரமாச்சும்மா. கோயில்ல கூழு ஊத்தணும்" என்றார் நாட்டாமை. "அடுத்த வருஷம் எல்லாருமா குந்திப் பேசி முறையா வச்சிக்கலாம்."

"ஹால்ல நீங்க அடுத்த வருஷம்னு சொல்லல."

அவருக்கு அன்று ஹாலில் பட்ட அவமானம் ஆறவில்லை போலிருக்கிறது. சட்டென்று சொன்னார். "ஒனக்குத்தான் இந்த வார்டே இல்லயே. நீ இன்னாத்துக்குப் பேசற?"

சிலர் சிரித்தார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன். முன்னால் போய் ஏதாவது கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே பேசிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"கோடு எவனோ போட்டது. நீங்க ஏன் அதுமேல ஏறி நிக்கறீங்க?"

கரகத்திலிருந்து வேப்பிலைத் தண்ணீர் தம்பியின் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் நாட்டாமையைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மதகைத் தாண்டிக் காலை வைத்தான். "டேய்!" என்றார் நாட்டாமை. அவன் போய்க்கொண்டே இருந்தான். பம்பைக்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள், அப்புறம் அடித்துக்கொண்டே அவன் பின்னால் ஓடினார்கள். என் மாமியார் என் கையைப் பிடித்து, "வாடி, இன்னா நின்னுகினு இருக்கற?" என்று இழுத்தார். நடந்தோம். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நாட்டாமையும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

குடிசைகளின் முன்னால் சாணி தெளித்து, வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஹாலில் கேள்வி கேட்ட அதே பெண் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து தம்பியின் காலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்து அக்காவையும் எங்களையும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எம்மா நேரமா நிக்கறது? மதகுலேந்து இங்க வர்றதுக்கு இத்தினி வருசமா ஒங்களுக்கு?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அக்கா வாயைத் திறக்கவில்லை. நாட்டாமையும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அந்தப் பெண் குடத்தைக் கீழே வைக்காமல், பதில் வரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தாள்.